நல் பாயின்டர் அசைன்மென்ட்: ஒரு பிழைச் செய்தியின் வரலாறு

தமிழ்நாட்டில் 1990களிலும் 2000களிலும் சி மொழி படித்தவர்களுக்கு அந்த நீலத் திரை மறந்திருக்காது. போர்லாண்ட் நிறுவனம் 1987ல் வெளியிட்ட டர்போ சி! கடலூரோ சிதம்பரமோ, கல்லூரி ஆய்வகம் என்றால் பெரும்பாலும் அதுதான். புரோகிராம் ஓடும், விடையும் சரியாக வரும். கடைசியில் மட்டும் ஒரு வரி எட்டிப்பார்க்கும்: "நல் பாயின்டர் அசைன்மென்ட்". விடை வந்துவிட்டதே என்று ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவர்கள்தான் அதிகம்.

சரி, அந்த வரி எங்கிருந்து வந்தது?

பாயின்டர் என்பது ஒரு முகவரி, அவ்வளவுதான். சிதம்பரம் போக வேண்டிய கடிதத்தில் கடலூர் முகவரியை எழுதினால் தபால்காரர் கடலூரில்தான் கொடுப்பார். சி மொழியும் அப்படியே. மதிப்பு தராமல் விட்ட குளோபல் பாயின்டரில் பூஜ்யம் இருக்கும். ஃபங்ஷனுக்குள் அறிவித்ததில் பழைய குப்பை ஏதாவது இருக்கும். போர்லாண்ட்காரர்கள் டேட்டா செக்மென்ட்டின் தொடக்கத்தில், அதாவது பூஜ்யம் முகவரியில், தங்கள் காப்புரிமை வாசகத்தை வைத்தார்கள். ஸ்மால், மீடியம் மெமரி மாடல்களில் புரோகிராம் முடியும்போது அந்தப் பகுதி மாறியிருக்கிறதா என்று சோதிப்பார்கள். மாறியிருந்தால் அந்தச் செய்தி வரும். விடிந்த பிறகு பூட்டைப் பார்க்கும் காவல்காரர் மாதிரி! எந்த வரியில் தவறு என்று சொல்லாது. குப்பை முகவரியில் எழுதியிருந்தால் அதுவும் தெரியாது.

முன்பே தடுக்க முடியாதா? 1978ல் வந்த இன்டெல் 8086 சில்லில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது. டாஸ் அந்த முறையிலேயே ஓடியதால் எந்தப் புரோகிராமும் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம். கணினி உறைந்துபோனால் ரீசெட் பட்டன்தான் கதி. யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளிலோ வன்பொருளே காவல் நின்றது. அத்துமீறினால் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று அங்கேயே நிறுத்திவிடும். டர்போ சியில் "ஓடிய" புரோகிராம் லினக்ஸில் செத்ததும் பலர் லினக்ஸைத் திட்டினார்கள். உண்மையில் பிழை முதலிலிருந்தே இருந்தது!

ஆனால் அந்தக் காவலும் எல்லாவற்றையும் பிடிக்காது. புரோகிராமுக்குச் சொந்தமான இடத்துக்குள்ளேயே அத்துமீறினால் தெரியாது. 1988 நவம்பர் 2ல் பரவிய மோரிஸ் புழு இதைத்தான் பயன்படுத்தியது. 512 பைட் இடத்தில் 536 பைட் அனுப்பி யுனிக்ஸ் கணினிகளுக்குள் நுழைந்தது. வழிவிட்டது, அளவு பார்க்காமல் படிக்கும் "கெட்ஸ்" ஃபங்ஷன். ஆரம்பப் பாடங்களில் பெயரைப் படிக்கச் சொல்லித்தரும் அதே கெட்ஸ்! சி மொழித் தரத்திலிருந்து அதை நீக்க 2011 ஆகிவிட்டது.

2002ல் வால்கிரிண்ட் வந்தது. 2013ல் ஜிசிசி 4.8 பதிப்பில் அட்ரஸ் சானிடைசர் சேர்ந்தது. இவை தவறு நடந்த வரியையே காட்டும். பத்து இடமுள்ள அரேயில் பதினொன்றாவதைத் தொட்டாலும் அட்ரஸ் சானிடைசர் சொல்லும்.

ஆகவே புரோகிராம் கிராஷ் ஆனால் பதற வேண்டாம் நண்பர்களே. கிராஷ் ஆகாமல் தப்பான விடை தரும் புரோகிராம்தான் ஆபத்து.