ஆற்றங்கரையில் தங்கிய கர்னல்

பரங்கிமலை – காஞ்சி சாலை: அத்தியாயம் 9

சென்ற வாரம் மைசூரின் ஹைதர் அலியைச் செங்கம் கணவாயில் விட்டு வந்தோம். 1780 ஜூலை மாதம். எண்பதாயிரம் பேருக்குக் குறையாத படையும் நூறு பீரங்கிகளும் மலையிறங்கி ஆர்க்காட்டுச் சமவெளிக்கு வந்துவிட்டன. இந்த வாரம் நாம் தண்டலத்திலிருந்து புறப்படுவோம்.

பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருக்கும் தண்டலத்தை பெங்களூரு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே பார்த்திருப்பார்கள். விடிவதற்கு முன்பே முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ்கள் அங்கே வரிசையாக நிற்கும். பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார் தொழிற்சாலை. இன்னும் மேற்கே போனால் சுங்குவார்சத்திரத்தில் அமெரிக்கக் கம்பெனியின் போன்களைப் பூட்டி முடிக்கிறார்கள். அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் உறவு கசந்தது. சீனாவிலேயே நடந்துகொண்டிருந்த வேலையில் ஒரு பங்கு இந்தச் சாலையோரம் வந்தது. ஷிப்டு முடிந்து தூக்கக் கலக்கத்தில் இறங்கும் பெண்ணின் சம்பளத்தில் வாஷிங்டனின் முடிவு ஒன்று கலந்திருக்கிறது. எங்கோ இரண்டு வல்லரசுகள் மோதிக்கொள்ள, அதன் விளைவு இந்த மண்ணில் வந்து இறங்குவது இன்று நேற்று தொடங்கியதல்ல. தண்டலம் என்ற பெயரைக் கேட்டால் இரண்டு சொற்கள் நினைவுக்கு வருகின்றன. தண்டு என்றால் படை. தண்டல் என்றால் வரி வசூல். இரண்டுமே இந்த வட்டாரம் நன்றாக அறிந்தவை.

1780-இல் வந்தது படை. அதன் தொடக்கத்தைத் தேடிப் போனால் அமெரிக்காவில் போய் நிற்கும். 1777-இல் சரட்டோகாவில் பிரிட்டிஷ் படை ஒன்று அமெரிக்கப் புரட்சிக்காரர்களிடம் சரணடைந்தது. அதைப் பார்த்துத் துணிந்த பிரான்சு, 1778 பிப்ரவரியில் அமெரிக்கர்களோடு ஒப்பந்தம் போட்டது. அங்கே மூண்ட தீ அந்த வருஷமே வங்கக் கடல் ஓரத்துக்கு வந்தது. அக்டோபரில் பிரெஞ்சுக்காரரின் பாண்டிச்சேரி கிழக்கிந்தியக் கம்பெனியார் கையில் விழுந்தது. அடுத்த மார்ச்சில் மலபார்க் கரையிலிருந்த மாஹேயையும் எடுத்துக்கொண்டார்கள். ஹைதருக்குப் பிரெஞ்சு ஆயுதங்கள் மாஹே வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. அது என் பாதுகாப்பில் உள்ள இடம், தொடாதீர்கள் என்று அவர் எச்சரித்தும் இருந்தார். 1769-இல் சென்னை வாசலுக்கே வந்து ஒப்பந்தம் எழுத வைத்தவர் அவர். ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உதவ வேண்டும் என்பது அதில் ஒரு வாக்கு. மராட்டியர் மைசூர்மேல் பாய்ந்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காயத்தை ஹைதர் மறக்கவே இல்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது என்றே நான் சொல்வேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தவர்கள் சென்னைக் கோட்டைக்குள் இருந்த கம்பெனிக் கனவான்கள் அல்ல.

விலை கொடுத்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்து ரயத்துகள். சென்னைக்கு ஒரு மூட்டை தானியமும் போகக் கூடாது என்பது ஹைதரின் கணக்கு. அவருடைய குதிரைப்படை ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு வந்தது. ஆடு மாடுகளை ஓட்டிச் சென்றது. பரங்கிமலையில் நின்றவர்கள் கண்ணுக்குப் புகை தெரிந்தது. ஐந்து வருஷம் கழித்து லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் இந்த அழிவை எடுத்துச் சொல்லி நெடுநேரம் பேசினார். பேச்சைக் கேட்டு அதிர்ந்தவர்கள் உண்டு. எரிந்து போன வீட்டுக்காரனுக்கு அதனால் ஒரு பிடி அரிசியும் வந்து சேரவில்லை.

கம்பெனிப் படையின் தளபதி சர் ஹெக்டர் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக இருப்பவர் தாமஸ் மன்றோ, அவர் வேறு. பிற்காலத்தில் கவர்னரான அந்தத் தாமஸ், 1780-இல்தான் பட்டாளத்து வேலைக்காகச் சென்னையில் வந்து இறங்கி, இதே போரில் பணி செய்தார். நம் ஹெக்டர் 1764-இல் பக்சாரில் வென்றவர், பாண்டிச்சேரியைப் பிடித்தவர். பெயருக்குக் குறைவில்லை. அவர் போட்ட திட்டம் இதுதான்: தான் பரங்கிமலையிலிருந்து ஐயாயிரத்துச் சொச்சம் பேரோடு காஞ்சிபுரம் போவது, குண்டூரில் இருக்கும் கர்னல் வில்லியம் பெய்லி தன் 2,800 பேரோடு வடக்கிலிருந்து வந்து அங்கே சேர்வது. லார்டு மெக்லியாடு என்ற அதிகாரி இதை எதிர்த்தார். எதிரி நடமாடும் நாட்டுக்குள் போய் ஒன்றுசேர்வானேன், சென்னைக்கு அருகிலேயே சேரலாமே என்றார். அவர் சொன்னதே சரி. மன்றோ கேட்கவில்லை.

ஆகஸ்டு 29 அன்று மன்றோ காஞ்சியை அடைந்தார். சில நாள் சாப்பாட்டுக்கான அரிசிதான் கையில். மிச்சத்தை ஆர்க்காட்டு நவாப் முகமது அலி காஞ்சியில் தயாராக வைத்திருப்பார் என்ற நம்பிக்கை. போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. கம்பெனி அதிகாரிகளிடமே தலைக்குமேல் கடன் வாங்கி, நாட்டு வரியை வட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்ட நவாபிடம் நெல்லை எதிர்பார்த்தது பெரிய பிழை. சிப்பாய்கள் அக்கம்பக்கத்து வயல்களில் நெல்லைத் தேடிச் சேர்த்தார்கள். சேர்த்த தானியத்தையும் கனத்த பீரங்கிகளையும் பெரிய கோயிலின் மதிலுக்குள் வைத்தார்கள். அன்றிலிருந்து மன்றோவின் கால்கள் அந்தத் தானியத்தோடு கட்டுண்டு போயின. பெய்லிக்கு உதவப் போனால் நெல் பறிபோகும். நெல்லைக் காத்தால் பெய்லி தனியாவார்.

எதிர்ப்பக்கம் மைசூர்க் காளைகள் இருந்தன. பிற்காலத்தில் ஹைதரின் மகன் திப்பு ‘அம்ருத் மஹால்’ என்று பெயரிட்ட வளர்ப்பு அது. பீரங்கியை இழுத்துக்கொண்டு அவை விரைந்து நடக்கும். கம்பெனிக்கோ வண்டி மாடும் இல்லை, தீனியும் இல்லை. இந்தப் போரைப் பற்றிப் பேசும்போது நாம் மைசூர் ராக்கெட்டைச் சொல்கிறோம், காளையை மறந்துவிடுகிறோம்.

இனி பெய்லி.

ஆகஸ்டு 25. அவர் கொசஸ்தலை ஆற்றின் வடகரைக்கு வந்து சேர்ந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம்; மணலில் நடந்து கடந்திருக்கலாம். படை களைத்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்தார். இரவு மேற்கே கொட்டிய மழை ஆற்றை நிரப்பிவிட்டது. விடிந்து பார்த்தால் கரை கொள்ளாத வெள்ளம்.

நம் ஊர் ஆறுகளின் குணம் அது. பத்து மாதம் மணலாகக் கிடக்கும். ஒரே ராத்திரியில் ஊரைக் கேட்கும். செம்பரம்பாக்கம் ஏரியையும் அடையாற்றையும் 2015 டிசம்பரில் பார்த்தவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. பெய்லிக்கு அதைச் சொல்ல அருகில் ஆள் இல்லையோ, சொன்னதை அவர் கேட்கவில்லையோ! செப்டம்பர் முதல் வாரத்தில்தான் அவரால் அக்கரை சேர முடிந்தது.

இந்த இடைவெளி ஹைதருக்குப் போதுமானதாக இருந்தது. ஆர்க்காட்டு முற்றுகையை விட்டுவிட்டுக் காஞ்சிக்கு மேற்கே வந்து மன்றோவுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார். தன் மகன் திப்புவைப் பீரங்கிகளோடும் குதிரைகளோடும் பெய்லியை மறிக்க அனுப்பினார்.

செப்டம்பர் 6. பேரம்பாக்கம் அருகே திப்பு பாய்ந்தார். சில மணி நேரச் சண்டை. பெய்லியின் வரிசை உடையவில்லை. திப்புவின் படை பின்வாங்கியது. அன்று இரண்டு கடிதங்கள் புறப்பட்டன. திப்பு அப்பாவுக்கு எழுதினார்: கூடுதல் படை வராவிட்டால் இவர்களை அசைக்க முடியாது. பெய்லி மன்றோவுக்கு எழுதினார்: என்னால் வந்து சேர முடியாது, நீங்கள் இங்கே வாருங்கள். சண்டை போட்ட இருவரும் ஒரே நாளில் தம்மால் முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்! இரண்டுக்கும் என்ன பதில் போயிற்று என்பதில்தான் இந்தப் போரின் தலையெழுத்து இருந்தது.

மன்றோ காஞ்சிக்கும் பேரம்பாக்கத்துக்கும் இடையே இருந்த 14 மைலைத் தாண்டிப் போகவில்லை. நெல்லை விட மனமில்லை. கர்னல் பிளெட்சர் தலைமையில் ஏறத்தாழ ஆயிரம் பேரை மட்டும் 8-ஆம் தேதி இரவு அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரிடம் காசு வாங்கியவர்கள். நல்லவேளையாகப் பிளெட்சருக்குச் சந்தேகம் வந்தது. வேறு பாதையில் திரும்பி, 9-ஆம் தேதி காலையில் பெய்லியிடம் பத்திரமாகச் சேர்ந்தார். தன் வலைக்குத் தப்பிய அந்தப் படையை நினைத்து ஹைதர் கொதித்தார்.

இப்போது பெய்லியிடம் 3,700 பேருக்கு மேல். அன்றிரவே புறப்பட்டார். இருட்டில் ராக்கெட்டுகளும் பீரங்கிக் குண்டுகளும் தொந்தரவு செய்தன. அவற்றைத் தாண்டியும் படை முன்னேறியது. சில மைல் போனதும் பெய்லி நிற்கச் சொன்னார். விடிந்ததும் போகலாம் என்பது கட்டளை. கொசஸ்தலைக் கரையில் எடுத்த அதே முடிவை அவர் இரண்டாம் முறை எடுத்தார். காஞ்சி இன்னும் சில மணி நேர நடையில் இருந்தது. கிட்டத்தில் இருந்த ஊரின் பெயர் புல்லலூர். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்லும் புல்லலூர்தான் அது.

பெய்லியின் ஆட்கள் துப்பாக்கியை அணைத்தபடி தரையில் சாய்ந்தார்கள். காஞ்சியில் மன்றோவுக்கு ஒன்றும் தெரியாது. எதிரில் இருந்த ஹைதர் இருட்டோடு இருட்டாகத் தன் படையைத் திருப்பிக்கொண்டு போனதும் தெரியாது.

1780 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. பொழுது புலர்ந்தபோது பெய்லிக்கும் காஞ்சிக்கும் நடுவில் திப்பு தனியாக இல்லை. அப்பாவும் வந்துவிட்டார்.

(தொடரும்)