கருப்பநீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனம்பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கப்படும் புளிக்காத இனிய பானம். தமிழகத்தார் இதனைப் பதநீர் என்பர். சுண்ணாம்பிடாத முட்டியில் விழும் அதே சாறு, மதுவத்தின் செயலால் சில மணி நேரத்திலேயே கள்ளாகிவிடுமாதலின், அருந்த விரும்புவோர் நுரையும் புளிவாடையும் இல்லாததை, விடியற்காலையில் இறக்கிய சூட்டோடு வாங்குதல் உசிதம். சுண்ணாம்பு மிகுந்தது நாவைக் காறும்.

மதுவுக்கு மாற்றென இக்காலத்தில் விற்கப்படும் பானங்களுள், பசிபிக் தீவுகளின் மிளகினச் செடியொன்றின் வேரினாலாகிய காவா அரிதாகவேனும் ஈரலைக் கெடுப்பதாலும், தென்கிழக்காசிய மரவிலையாகிய கிராத்தம் அபினைப் போல் மனிதனை அடிமைப்படுத்த வல்லதாதலாலும், அவற்றைக் கருப்பநீரோடு ஒருநிரையில் வைத்தல் பொருந்தாது.

குடித்து எஞ்சிய கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கி, ஓலைக் குட்டான்களில் வார்த்துச் சேமிப்பர்.