கேட்கும் முனையும் அளக்கும் முனையும்

நடுக்குவாதம் என்று நம் பக்கத்தில் அறியப்படும் பார்க்கின்சன் நோயில் மூளைக்குள் இறக்கப்படும் நுண்மின்முனைகள் இரு வகை. ஒன்று அறுவை அரங்கில் நரம்பணுக்களின் மின்துடிப்பைக் கேட்கிறது. மற்றொன்று ஆய்வுக்கூடத்தில் அவை வெளிவிடும் டோபமைனை அளக்கிறது. முதல் வகை குமரி மாவட்டத்துக்குத் தூரமில்லை. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் உள்ள திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவக் கழகம், மூளையின் ஆழத்தில் மின்முனை பொருத்தித் தூண்டும் 'ஆழ்மூளைத் தூண்டல்' சிகிச்சையை நெடுங்காலமாகச் செய்துவரும் இந்திய மையங்களில் ஒன்று. இரண்டாவது வகையைப் பற்றி இங்கே பேச்சே குறைவு.

நடுமூளையிலுள்ள டோபமைன் அணுக்கள் மடிவதே இந்த நோயின் வேர். அவற்றின் இழைகள் 'ஸ்ட்ரையேட்டம்' என்ற பகுதியில் போய் டோபமைனை விட வேண்டும். அது குறைந்தால், சற்றுத் தள்ளியிருக்கும் 'சப்தலாமிக்' உட்கரு கட்டுமீறித் துடிக்கத் தொடங்குகிறது. கை நடுங்குகிறது, நடை தளர்கிறது, உடம்பு இறுகுகிறது.

அறுவை அரங்கின் முனை டங்ஸ்டன் அல்லது பிளாட்டினம்-இரிடியத்தால் ஆனது. நோயாளி பெரும்பாலும் விழித்திருப்பார். முனை மில்லிமீட்டருக்கும் குறைவான அளவில் படிப்படியாக இறங்கும். துடிப்புகள் ஒலிபெருக்கியில் கேட்கும். சப்தலாமிக் உட்கருவைத் தொட்டதும் பின்னணி இரைச்சல் எழும்பி, ஒழுங்கற்ற படபடப்பு வரும். மருத்துவர் நோயாளியின் மணிக்கட்டை அசைக்கும்போது அந்தத் துடிப்பும் மாறினால், தூண்டும் மின்முனையைப் பொருத்த இடம் சரி. பிரான்சின் கிரெனோபிளில் பெனபித் குழு 1993-இல் இந்த உட்கருவைத் தூண்டத் தொடங்கியது. அதன்பின் இந்த முறை உலகெங்கும் பரவியது.

ஆய்வுக்கூட முனை ஏறத்தாழ 7 மைக்ரான் விட்டமுள்ள கார்பன் இழை. கன்சாஸில் ரால்ஃப் ஆடம்ஸ் 1970-களில் எலி மூளைக்குள் மின்முனை வைத்துத் தொடங்கிய வழியை, மார்க் வைட்மன் போன்றோர் இந்த இழையைக் கொண்டு கூர்மையாக்கினார்கள். இதில் மின்னழுத்தம் -0.4 வோல்ட்டிலிருந்து +1.3 வரை ஏறி இறங்கும்; ஒரு சுற்றுக்கு 10 மில்லிநொடிகூட ஆகாது; நொடிக்குப் பத்துச் சுற்று. ஏறும் வழியில் ஒவ்வொரு டோபமைன் மூலக்கூறும் இரண்டு எலக்ட்ரான்களை இழக்கிறது. அந்த மின்னோட்டமே அளவு.

கேட்கும் முனை 'எங்கே' என்ற கேள்விக்கு விடை தருகிறது. எந்த வேதிப்பொருள் எவ்வளவு வந்தது என்று அதற்குத் தெரியாது. அளக்கும் முனை 'எப்போது, எவ்வளவு' என்பதற்கு விடை தருகிறது. ஆனால் பின்னணி மின்னோட்டத்தைக் கழித்தே கணக்கிடுவதால், ஏற்ற இறக்கத்தைத்தான் காட்டும், அடிப்படை இருப்பை நேராகச் சொல்லாது. நாரட்ரினலின் அருகிலிருந்தால் அதையும் டோபமைனையும் பிரித்தறிவது கடினம். நாஞ்சில் நாட்டு வழக்கில் சொன்னால், கடைமடை வயலின் நிலையைப் பார்ப்பது முதல் முனை. மடைவாயில் நின்று தண்ணீரை அளப்பது இரண்டாம் முனை. ஒன்று விளைவைப் படிக்கிறது, மற்றொன்று காரணத்தை.

காரணத்தைப் படித்ததன் பயன் மருந்தில் தெரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காணிக்காரர்கள் பூனைக்காலி விதையைப் பலமுறை வேகவைத்து நீரை இறுத்து உண்பவர்கள். அந்த விதையிலிருந்து, உடலில் டோபமைனாக மாறும் எல்-டோபாவைப் பிரித்தெடுத்து 1937-இல் வெளியிட்டவர்கள், சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும். பின்னாளில் நடுக்குவாதத்தின் தலையாய மருந்தாக ஆனது அதே பொருள்தான். அது நரம்பணுவுக்குள் என்ன செய்கிறது என்பதைக் காட்டியது கார்பன் இழை. டேவிட் சல்சர் குழு 1998-இல், மின்னழுத்தத்தை மாற்றாமல் வைத்து, வளர்ப்புத் தட்டிலிருந்த நடுமூளை அணுக்களை அளந்தது. அணுவுக்குள் டோபமைனை அடக்கிவைத்திருக்கும் ஒரு நுண்பை சுமார் 3000 டோபமைன் மூலக்கூறுகளை 200 மைக்ரோநொடிக்குள் விட்டது. எல்-டோபா கொடுத்ததும் ஒவ்வொரு வெளியீட்டின் அளவும் கூடியது. அணு துடிப்பது வேறு, துடிக்கும்போது கொடுப்பது வேறு என்பது இங்கே தெளிவாகிறது. துடிப்பை மட்டும் கேட்கும் முனைக்கு இந்த வேறுபாடு பிடிபடாது.

இரு வழிகளும் ஒன்று சேர்ந்த இடமும் உண்டு. ஆழ்மூளைத் தூண்டல் அறுவைக்கு வந்த பார்க்கின்சன் நோயாளிகளின் ஸ்ட்ரையேட்டத்தில், அவர்களின் இசைவோடு, கெனத் கிஷிடாவும் ரீட் மான்டேக்கும் கார்பன் இழையை வைத்தனர். 2016-இல் வெளியான ஆய்வில் 17 பேர் பங்குச் சந்தை போன்ற ஒரு விளையாட்டை ஆட, நொடிக்கும் குறைந்த நேரத்தில் டோபமைன் மாறுவது பதிவானது. கிடைத்த லாபத்தோடு, கிடைத்திருக்கக்கூடிய லாபத்தையும் அந்த மாற்றம் கணக்கில் எடுத்தது.

ஆகவே எது சிறந்தது என்று கேட்பது பொருந்தாது. இன்று படுக்கையில் இருப்பவருக்குக் கேட்கும் முனை உடனடித் துணை. ஆனால் காலையில் போட்ட மாத்திரையின் வேகம் மதியத்துக்குள் அடங்கிப் போகிறதே என்று அவர் வருந்தும்போது, விடையின் பெரும்பங்கு வெளியீட்டில்தான் இருக்கிறது. டோபமைனைச் சேமித்து வைக்கும் நரம்பு முனைகள் அழிந்தபின், மாத்திரையின் ஏற்ற இறக்கமே மூளையின் ஏற்ற இறக்கமாகிவிடுகிறது. அதைச் சீர்செய்யும் மருந்து வேண்டுமென்றால், அளக்கும் முனையோடு உழைக்கும் ஆய்வுக்கூடங்கள் நம் மண்ணிலும் பெருக வேண்டும். 1937-இல் சென்னை தொடங்கிவைத்த வேலையின் தொடர்ச்சி அது.