சுரிகையும் பாதுகையும்: மலாய் அரசச் சிறப்புப் பெயர்களும் தமிழாக்கமும்

2008 ஆம் ஆண்டின் இறுதியில் மும்பை இதழ்களில் ஒரு செய்தி பரவலாக இடம்பெற்றது. இந்தித் திரைப்பட நடிகர் ஷாருக் கானுக்கு மலேசியாவின் மலாக்கா மாநிலம் 'டத்தோ' என்னும் சிறப்பை வழங்கியது என்பதே அச்செய்தி. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் தமிழர் ஒரே செய்தியை ஆங்கிலம், மராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் படிக்கும் வாய்ப்புடையவர். ஆங்கில இதழ்கள் சில இச்சிறப்பை 'நைட்' நிலைக்கு ஒப்பிட்டன. அவ்வொப்பீட்டைப் பின்பற்றித் தமிழாக்குவோர்க்கு 'சர் பட்டம்' என்னும் பழகிய தொடர் எளிதில் கைவரும். எளிதில் கைவரும் தொடர் பொருத்தமானதாக அமைய வேண்டும் என்பதில்லை. இங்கு அது முற்றிலும் பிழைபடுகிறது.

முதற்கண் வழங்கியவர் யார் என்பது நோக்கத்தக்கது. 1511 இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றிய பின்னர் மலாக்காவில் சுல்தான் இல்லை. இன்று அம்மாநிலத்தின் தலைமை 'யாங் டி பெர்துவா நெகெரி' எனப்படும் ஆளுநரிடம் உள்ளது. ஷாருக் கான் பெற்ற 'டார்ஜா முலியா செரி மெலாக்கா' அவ்வாளுநர் வழங்குவது. சுல்தான் ஆளும் மாநிலங்கள் வழங்கும் சிறப்பு 'டத்தோ'' எனவும், ஆளுநர் மாநிலங்களும் கூட்டரசும் வழங்குவது 'டத்துக்' எனவும் மலாய் எழுத்தில் வேறுபடுத்தப்படும். தமிழில் இரண்டும் 'டத்தோ' என்றே எழுதப்படுவதால், சிறப்பின் ஊற்று எது என்னும் செய்தி எழுத்துப்பெயர்ப்பிலேயே மறைந்துவிடுகிறது. மும்பைத் தமிழர் செவிக்கோ இச்சொல் 'தாதா' என்பதை நினைவூட்டக்கூடும்; அவ்வூரில் அச்சொல் பெற்றுள்ள பொருளை விளக்க வேண்டியதில்லை. உண்மையில் இது பழமையான மலாய்ச் சொல். கி.பி. 686 ஆம் ஆண்டின் கோத்தா காப்பூர்க் கல்வெட்டில் ஸ்ரீவிஜயத் தலைவரைக் குறிக்கும் 'டத்து' என்னும் வடிவம் காணப்படுகிறது. பாட்டனையும் அச்சொல்லே குறிக்கும்.

இச்சிக்கல் சொல்லளவில் நிற்பதன்று. இந்திய அரசமைப்பின் 18 ஆம் பிரிவு, இந்தியக் குடிமகன் எவரும் அயல்நாட்டரசிடமிருந்து பட்டம் எதனையும் ஏற்றலாகாது என்கிறது. பாரத ரத்னா, பத்ம விருதுகள் பட்டங்களா என்னும் வழக்கில், அவை அப்பிரிவு கருதும் பட்டங்கள் அல்ல என்றும், ஆனால் பெயரின் முன்னோ பின்னோ அவற்றை ஒட்டி எழுதலாகாது என்றும் உச்ச நீதிமன்றம் 1995 இல் தீர்ப்பளித்தது. எனவே ஒருவர் பெற்றதைப் 'பட்டம்' எனத் தமிழாக்குவதும் 'விருது' எனத் தமிழாக்குவதும் சட்ட நோக்கில் வெவ்வேறு கூற்றுகள். மொழிபெயர்ப்பாளர் ஓசைநயம் கருதித் தேரும் சொல், பெற்றவர் மீது ஒரு குற்றச்சாட்டாகவே மாறிவிடக்கூடும்.

'சர்' என்னும் முன்னொட்டும் மும்பைக்குப் புதிதன்று. பார்சி வணிகரான ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1842 இல் பிரித்தானிய 'நைட்' நிலை பெற்ற முதல் இந்தியர். 1857 இல் 'பேரொனெட்' ஆனவரும் அவரே. பேரரசு தன் குடிகளுக்கு வழங்கிய சிறப்பு அது. மலாய் அரசுகளின் சிறப்பு முறையோ அப்பேரரசின் முறையைக் கண்டு, அதனை எதிர்கொள்ளும் வகையில் உருவாக்கப்பட்டது. இவ்வேறுபாட்டைச் 'சர் பட்டம்' என்னும் தமிழாக்கம் துடைத்துவிடுகிறது.

ஜொகூரின் அபு பக்கர் இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர். 1866 இல் இலண்டன் சென்ற அவருக்கு விக்டோரியா அரசியார் அளித்தது, 1861 இல் இந்திய மன்னர்க்கென நிறுவப்பட்ட 'இந்திய விண்மீன்' என்னும் சிறப்பு. மலாய் ஆட்சியாளர் ஒருவரை அணிசெய்யப் பேரரசிடம் இருந்தது இந்தியாவுக்கென வகுத்த சின்னமே என்பது குறிப்பிடத்தக்கது. 1868 இல் மகாராஜா எனவும், 1885 உடன்படிக்கையால் சுல்தான் எனவும் அவர் ஏற்கப்பட்டார். மறு ஆண்டே, 1886 சூலை 31 இல், ஜொகூர் அரசகுலச் சிறப்பான 'டார்ஜா கெராபாட்' நிறுவப்பட்டது. 'டார்ஜா மக்கோத்தா' என்னும் மணிமுடிச் சிறப்பும் அவ்வாண்டினதே. பெறுபவராக இருந்தவர் இருபதாண்டுகளில் வழங்குபவரானார். சுல்தான் என்னும் பெயர் உடன்படிக்கையால் கிடைத்தது. அப்பெயர்க்குரியவர் செய்யத்தக்க செயல்களுள் ஒன்று சிறப்பு வழங்குதல் என்பதை அபு பக்கர் நன்கு உணர்ந்திருந்தார் என்றே கொள்ள வேண்டும்.

வடிவம் ஐரோப்பாவினது. விண்மீன், தோள்பட்டை நாடா, கழுத்துச் சங்கிலி, வகுப்புநிலை ஆகியவை அங்கிருந்து வந்தவை. சொற்களோ வேறிடத்தின. ஆங்கிலத்தில் இந்நிறுவனத்தைக் குறிக்கும் 'ஆர்டர்' என்பது துறவியரும் போர்வீரரும் சேர்ந்த சமயக் கூட்டங்களிலிருந்து பிறந்த சொல். உறுப்பினராதல் என்னும் கருத்து அதனுள் உறைந்துள்ளது. மலாய் அதனை மொழிபெயர்க்கையில் கூட்டம் என்னும் கருத்தைக் கைவிட்டு, படி அல்லது நிலை எனப் பொருள்படும் 'தரஜா' என்னும் அரபுச் சொல்லை எடுத்தது. 'கெராபாட்' என்பதும் உறவு குறித்த அரபுச் சொல்லே. இவ்வரபுத் தலைச்சொற்களின் கீழ் வரிசையாக நிற்பவை 'செரி', 'படுகா', 'மக்கோத்தா', 'செத்தியா', 'ஜாசா' என்பன; அதாவது ஸ்ரீ, பாதுகை, மகுடம், சத்தியம், யசஸ். இவற்றுள் மக்கோத்தா ஆராயத்தக்கது. 'மகுட' என்பதன் இடையில் மூச்சொலி புகுந்ததற்கு, 'மகா' என்னும் சொல்லின் சாயலும் கோட்டையைக் குறிக்கும் 'கோத்தா'வின் சாயலும் காரணமாதல் கூடும்.

'படுகா' தமிழாசிரியர் எவரையும் நின்று நோக்கச் செய்யும் சொல். மன்னரை நேரே சுட்டாமல் அவர் காலணியைச் சுட்டி விளிக்கும் மரபிலிருந்து இது உயர்வுச் சொல்லாயிற்று. சுல்தானை 'டூலி' என விளிப்பதும் இவ்வகையே. அது தூளி, அதாவது திருவடித் துகள். பரதன் பாதுகையை அரியணையில் வைத்து ஆண்ட கதையை அறிந்த தமிழ் வாசகர்க்கு இது வியப்பன்று. தமிழில் 'அடிகள்' என்பது துறவியரையும், 'அடியேன்' என்பது பேசுவோனையும் குறித்து நிற்கும் நெறியும் இதுவே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஜொகூரின் 'டத்தோ படுகா மக்கோத்தா' என்னும் நிலையில் பாதுகை மன்னரை விடுத்து, மன்னர் சிறப்பித்தவர்மேல் வந்து சேர்கிறது. சொல்லுக்குச் சொல் வைத்து 'மகுடப் பாதுகைத் தலைவர்' எனத் தமிழாக்கினால் நகைப்பே விளையும். சொற்பிறப்பை அறிவது வேறு. அதனைப் பெயர்ப்பில் உயிர்ப்பிப்பது வேறு.

பேராக் மாநிலத்தின் 'சுரா சி மஞ்சா கினி' என்னும் சிறப்பு இன்னும் சிக்கலானது. சுல்தான் அஸ்லான் ஷா ஆண்ட காலத்தில் (1984–2014) நிறுவப்பட்ட இதன் பெயர், அவ்வரசகுலத்தின் முடிசூட்டு வாளின் பெயர். 1612 எனக் காலம் குறித்த முன்னுரையுடைய 'செஜாரா மெலாயு'வில், பலெம்பாங் செகுந்தாங் குன்றில் தோன்றிய சங் சபூர்பாவின் வாள் இப்பெயரின் வேறொரு வடிவத்தால் குறிக்கப்படுகிறது. மினாங்கபாவ் நாட்டைத் துன்புறுத்திய சக்திமுனா என்னும் பெரும்பாம்பை அவ்வாள் வெட்டிற்று. வெட்டியதில் அதன் முனை 190 இடங்களில் சிதைந்தது என்பது கதை. ரிச்சர்ட் வின்ஸ்டெட் இப்பெயரின் பின்னே சுரிகை, மந்தாகினி என்னும் வடசொற்களைக் கண்டார். மந்தாகினி விண்ணுலகக் கங்கை. இடையில் நிற்கும் 'சி' என்பது ஆட்பெயர்களுக்கு முன் மலாயர் இடும் இடைச்சொல். ஆகவே வாள் ஓர் ஆளாகவே கருதப்பட்டது என்பது பெறப்படும். மந்தாகினி என்பதன் பொருள் மறந்த பின்னர், மலாய்ச் செவி அதனைத் தனக்குரிய இரு சொற்களாகப் பிரித்துக்கொண்டது: செல்லம் கொண்டாடப்படுதலைக் குறிக்கும் 'மஞ்சா', இப்போது எனப் பொருள்படும் 'கினி'. கங்கை செல்லப்பிள்ளையாயிற்று. மக்கட் சொற்பிறப்புக்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

இம்மாற்றம் தனித்து நிகழ்ந்ததன்று. பேராக் முடிசூட்டில் 'சிரி' எனப்படும் ஒரு வாசகம் ஓதப்படும். சிதைந்த வடமொழியிலான இதனை, அம்மாநிலத்தில் அதிகாரியாயிருந்த மேக்ஸ்வெல் 1881 இல் அறிஞருலகுக்கு வெளிப்படுத்தினார். ஓதும் உரிமை ஸ்ரீ நர டிராஜா, அதாவது நராதிராஜன், என்னும் பெயர் தாங்கிய குடிக்கு வழிவழியாக உரியது. ஓதுவோர்க்கும் கேட்போர்க்கும் அதன் சொற்பொருள் விளங்குவதில்லை. அரசுரிமையை நிலைநாட்டும் ஆற்றல் அதனால் குறைவதுமில்லை. சிறப்புப் பெயர்களை மொழிபெயர்ப்போர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். இவை பொருள் உணர்த்துவதற்காக மட்டும் வைக்கப்பட்ட பெயர்கள் அல்ல. வாளும் முடியும்போல அரசச் சின்னங்களுள் அடங்குபவை.

சின்னமே சிறப்பின் பெயராதல் தமிழ் மரபுக்கும் அயலன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறும் தலைக்கோல், போர்க்களத்தில் பகைவேந்தரிடம் பறித்த வெண்குடையின் காம்பு. அக்கோலின் பெயரால் ஆடல்மகளிர் 'தலைக்கோலி' எனச் சிறப்புப் பெற்றதைச் சோழர் கல்வெட்டுகளும் காட்டுகின்றன. படைத்தலைவர்க்கு ஏனாதி மோதிரமும், வணிகர்க்கு எட்டிப்பூவும், காவிதியர்க்குக் காவிதிப்பூவும் பட்டத்தோடு பொருளாகவும் வழங்கப்பட்டன. தொல்காப்பியம் வஞ்சித் திணையில் மாராயம் பெற்றவனை ஒரு துறைக்குரியவனாக்குகிறது. மாராயம் என்பது வேந்தன் வீரனுக்கு அளிக்கும் சிறப்பு. தஞ்சைப் பெரிய கோயிலின் தச்சர் தலைவர் தாங்கிய 'இராசராசப் பெருந்தச்சன்' என்னும் பெயரில் மன்னன் பெயரே சிறப்பாயிற்று. இத்துணை வளம் இருக்க, 'நைட்' என்பதற்கு ஆக்கப்பட்ட 'வீரத்திருத்தகை' என்னும் கலைச்சொல்லை மலாய்ச் சிறப்புகளுக்கும் நீட்டுவது தேவையற்றது. குதிரை வீரர் மரபு ஐரோப்பாவுக்குரியது. மலாய் 'டார்ஜா'வில் அதன் சுவடு சின்னங்களின் வடிவில் மட்டுமே உண்டு.

மலேசியத் தமிழ் இதழ்கள் இதில் நெடுநாட்பட்ட பயிற்சியுடையவை. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் 'துன் சம்பந்தன்' ஆகவும், அவர்க்குப் பின் 1973 இல் மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைமையேற்ற மாணிக்கவாசகம் 'டான் ஸ்ரீ மாணிக்கவாசகம்' ஆகவும் தமிழில் நிலைபெற்றனர். மலாயர் 'செரி' எனவும் 'ஸ்ரீ' எனவும் எழுதும் இடங்களிலெல்லாம் தமிழில் 'ஸ்ரீ'யே வருகிறது. கடன்சொல் தன் பழைய வடிவுக்கு மீண்டது எனலாம். எனினும் அந்த ஸ்ரீயைத் 'திரு' எனப் பெயர்த்தல் கூடாது. இந்தியாவில் எவர்க்கும் உரிய மரியாதைச் சொல்லான அது, அங்கு 'டத்தோ'வை 'டத்தோ ஸ்ரீ'யாக உயர்த்தும் படிநிலைக் குறி.

மலாய்மொழி சிறப்புநிலையை 'டார்ஜா' எனவும், அதனால் பெயரோடு ஒட்டும் சொல்லைக் 'கெலாரான்' எனவும், மார்பில் அணிவதைப் 'பிந்தாங்', 'பிங்காட்' எனவும் பிரித்துக் கூறுகிறது. தமிழில் முறையே 'மாராயம்', 'பட்டம்', 'விருதுச் சின்னம்' என அமைத்துக்கொண்டால் மூன்றும் ஒன்றோடொன்று மயங்கா. பேராக் சிறப்பினைச் 'சுரா சி மஞ்சா கினி மாராயம்' என ஒலிபெயர்த்து எழுதி, முதன்முறை வரும் இடத்தில் 'மந்தாகினிச் சுரிகை' என விளக்கம் தரலாம். தமிழ் அகராதியில் சுரிகை உடைவாளைக் குறிக்கும் சொல்லாக உள்ளது. மலாயில் உருமாறிய 'மஞ்சா' என்பதனைத் தமிழ் 'ஞ்ச' தன் இயல்பான ஒலிப்பிலேயே ஏற்றுக்கொள்கிறது. கிரந்த எழுத்து வேண்டுவதில்லை. மும்பைச் செய்தியையும் 'மலாக்கா ஆளுநர் ஷாருக் கானுக்கு அம்மாநில மாராயம் வழங்கினார். அதற்குரிய பட்டம் டத்தோ' என எழுதியிருப்பின், 18 ஆம் பிரிவைக் கருதும் வாசகர் எதனைப் பற்றி வினவ வேண்டும் என்பது தெளிவாகியிருக்கும்.