கணக்குத் தலைப்பு 789

சிறப்புக் கூறுத் திட்டம் 1979இல் வந்தபோது கணக்கு எளிமையானது. மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடோ, அரசின் திட்டச் செலவில் அத்தனை விழுக்காடு அவர்களுக்கு. பணம் எங்கே என்று நாம் கேட்டபோதெல்லாம் ‘ஒதுக்கியாயிற்று’ என்றார்கள். வெட்டு என்று அறிவிக்காமலே வெட்டும் வித்தை அது. சாலைக்கும் பாலத்துக்கும் செய்த செலவில் ஒரு பங்கை நம் பெயரில் எழுதிக்கொண்டார்கள். தலித்துகளும் அந்தப் பாலத்தில் நடக்கிறார்களாம்!

நமக்கான நிதி வரவுசெலவு அறிக்கையில் 789 என்ற சிறுதலைப்பின் கீழ் வரவேண்டும். அதில் வராததை நம் பணமென்று எண்ண முடியாது. இந்த எண்ணைத் தேடிப் படிக்க நம் இயக்கங்கள் கற்றுக்கொண்டதை, எந்தப் பேரணிக்கும் குறையாத போராட்டமாகவே நாம் கருதுகிறோம். டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுகளுக்காக இந்நிதியில் ஏறத்தாழ 700 கோடி ரூபாய் திருப்பிவிடப்பட்டது தகவல் உரிமைச் சட்டத்தின் வழியேதான் அம்பலமானது. மாநிலங்களவையில் கேள்வி எழுந்தது. உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் நிதி திருப்பப்பட்டதை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ஒப்புதல் வாக்குமூலம் அடுத்த ஆண்டு நிதியைக் காக்காது. அதற்குச் சட்டம் வேண்டும் என்று ஆந்திராவில் தலித் அமைப்புகளும் இடதுசாரிகளும் சட்டமன்றத்தை நெருக்கினார்கள். 2012 டிசம்பரில், அதற்கென்றே கூடிய சிறப்புக் கூட்டத்தில், துணைத்திட்டச் சட்டம் நிறைவேறியது. அதற்கும் பத்தாண்டு ஆயுள்தான் கொடுத்தார்கள். செலவழிக்காத தொகையை அடுத்த ஆண்டில் ஈடுகட்ட வேண்டும் என்பது 2017இன் தெலங்கானா சட்டத்தில் இடம்பெற்றது.

சமூகநீதி மண் என்று மேடைதோறும் சொல்லப்படும் தமிழ்நாட்டில் இப்படியொரு சட்டம் வர 2024 ஆயிற்று. இனி மானியக் கோரிக்கை விவாதத்தில் நம் தொகுதி உறுப்பினர் எழும்போது, அவர் கையில் 789இன் பக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.