ஓநாயை முட்டிய காளை

இத்தாலியின் பழங்கதையை நாம் ரோமானியர் வாயிலாகவே கேட்டுப் பழகியவர்கள். வென்றவர் ஏட்டில் தோற்றவருக்குக் கிடைப்பது பகைவர் என்னும் பெயர் மட்டுமே. அப்பெனைன் மலைகளில் வாழ்ந்த சாம்னைட்டுகள் அவ்வாறு பெயரளவில் எஞ்சியவர்கள்.

மந்தை மேய்த்தும் சிறு வயல்களை உழுதும் வாழ்ந்த இம்மக்கள், சாந்தின்றிப் பெருங்கற்களை இணைத்து மலையுச்சிகளில் அரண் எழுப்பினர். கி.மு. 343க்கும் 290க்கும் இடையே மூன்று போர்களில் ரோமை எதிர்த்து நின்றனர். கி.மு. 321இல் காடியக் கணவாயில் சிக்கிய ரோமானியப் படையை, ஈட்டிகளால் அமைத்த நுகத்தின்கீழ்க் குனிந்து வெளியேறச் செய்தனர். இதனை நமக்கு விரிவாகச் சொல்பவரும் ஒரு ரோமானியரே. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதிய லிவி அவர்.

ரோம் பல அரண்களைத் தாக்கிப் பிடித்தது. ஆயினும் அவ்வெற்றியை நிலைநிறுத்தியவை சாலைகளும் குடியேற்றங்களுமே. கி.மு. 312இல் அப்பியச் சாலை தொடங்கப்பெற்றது. பின்னர் பெனெவெந்தத்திலும் (கி.மு. 268) ஈசெர்னியாவிலும் (கி.மு. 263) குடியேற்றங்கள் அமைந்தன. மலைமக்கள் 'கூட்டாளிகள்' எனப்பட்டனர். ரோமின் போர்களில் உயிர்கொடுக்கும் கடமை அவர்களுக்கு இருந்தது. ரோமானியக் குடியுரிமை இல்லை.

கி.மு. 91இல் கூட்டாளிகள் கிளர்ந்தெழுந்து, கோர்ஃபீனியம் நகரைத் தலைநகராக்கித் தமக்கென நாணயம் அச்சிட்டனர். ரோமுலஸுக்குப் பாலூட்டிய ஓநாயைக் காளை ஒன்று முட்டிச் சாய்க்கும் காட்சி அவற்றுள் சிலவற்றில் உள்ளது. இத்தாலி என்னும் பெயரை 'விட்டெலியு' எனத் தம் ஆஸ்கன் மொழியிலும் பொறித்தனர். அப்பெயரை முதன்முதலில் நாணயத்தில் ஏற்றியவர்கள் ரோமை எதிர்த்த இவர்களே என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கி.மு. 90இல் ரோம் குடியுரிமையை வழங்க முன்வந்ததும் கிளர்ச்சி தளர்ந்தது. சாம்னைட்டுகளோ எளிதில் அடங்கவில்லை. கி.மு. 82இல் ரோமின் கொல்லைன் வாயிலருகே அவர்களை முறியடித்த சுல்லா, சிறைப்பட்ட ஆயிரக்கணக்கானோரைக் கொன்றழித்தான். அவர்தம் நகரங்கள் சிற்றூர்களாய்ச் சுருங்கின என்கிறார் ஸ்டிராபோ. பியெத்ராபொந்தாந்தே மலைச்சரிவில் அவர்கள் எழுப்பிய கோயிலும் அரங்கும், முதுகு வளைந்த கல்லிருக்கைகளோடு இன்றும் நிற்கின்றன.

கேட்ட உரிமை இறுதியில் கிடைத்தது. மொழி இலத்தீனில் கரைந்தது. 1848இல் அஞ்ஞோனே அருகே கிடைத்த வெண்கலப் பட்டயம் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதில் போரும் இல்லை, புகழும் இல்லை. தானியத் தேவியின் புனிதத் தோட்டத்தில் வழிபடப்பெற்ற தெய்வங்களின் பட்டியல் மட்டுமே ஆஸ்கனில் உள்ளது. அம்மக்கள் தம் சொற்களிலேயே நம்மோடு பேசுவது இத்தகைய சில எழுத்துகளில்தான். லிவியைப் படிக்கும்போது அப்பட்டயத்தையும் அருகில் வைத்துக்கொள்வதே நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய நீதி.