பர்க்கிட் லிம்போமா: மாவட்ட மருத்துவமனையின் பொறுப்பு

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவருடைய முயற்சியால் 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் நிறுவனம் தொடங்கியது. நோயாளி சென்னைக்குப் போய்ச் சேர்வதே வைத்தியம் என்றிருந்த காலம் அது. 2017இல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டபின், புற்றுநோய்ச் சிகிச்சையில் மாவட்டத்தின் பங்கு எது என்ற கேள்வி எழுகிறது. பல புற்றுநோய்களில் சந்தேகித்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினாலே போதும். நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்றுநோயான பர்க்கிட் லிம்போமாவில் அது போதாது. நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் அனுப்புவதற்கு முந்தைய சில நாட்களிலேயே முடிவாகிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இந்நோயை உகாண்டாக் குழந்தைகளின் தாடைக் கட்டியாக அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட் 1958இல் விவரித்தார். இந்தியாவில் இது தாடையைவிட வயிற்றில்தான் அதிகம் தென்படுகிறது. மிக் என்னும் மரபணு இடம்பெயர்ந்து ஓயாமல் இயங்குவதால், கட்டி ஓரிரு நாட்களில் இருமடங்காகக்கூடும். திசுவில் ஏறக்குறைய எல்லாப் புற்றணுக்களும் பெருகும் நிலையிலேயே காணப்படும். குழந்தைகளையும் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களையும் இது கூடுதலாகத் தாக்குகிறது.

சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடம் இந்நோய்க்குப் பிடித்தமான இடம். குடல் காசநோயும் அங்கேதான் வருகிறது. வயிற்றுவலி, காய்ச்சல், எடைக்குறைவு, கழுத்தில் நெறிகட்டுதல் ஆகிய அறிகுறிகளும் இரண்டுக்கும் பொது. காசநோய் மலிந்த நாட்டில் மருத்துவர் முதலில் அதையே நினைப்பது இயல்பு. ஆனால், திசுவை எடுக்காமல் காசநோய் மாத்திரையைத் தொடங்கி, பலன் தெரிகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருக்கும் வழக்கம் இங்கே உயிருக்கே ஆபத்தாகிறது. காசநோய் வாரங்களிலும் மாதங்களிலும் வளரும். பர்க்கிட் நாட்களில் வளரும். ஆகவே அறந்தாங்கியிலோ மணமேல்குடியிலோ நோயாளியை முதலில் பார்க்கும் மருத்துவர் கேட்க வேண்டியது, ‘கட்டி எங்கே இருக்கிறது’ என்பதோடு ‘போன வாரம் எவ்வளவு இருந்தது’ என்பதையும்தான்.

விடை சந்தேகத்தை எழுப்பினால் அன்றே இரத்தத்தில் எல்டிஹெச் நொதி, யூரிக் அமிலம், பொட்டாசியம், கிரியாட்டினின் பார்க்க வேண்டும். ஊசியில் உறிஞ்சிய சில அணுக்களோடு நிற்காமல் பயாப்சி எடுத்து, அதிலேயே காசநோய்க்கான மரபணுச் சோதனையும் செய்யலாம். அதற்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது. கட்டி தற்காலிகமாகச் சுருங்கித் திசு முடிவைக் குழப்பிவிடும்.

புற்றணுக்கள் கூட்டமாக மடியும்போது யூரிக் அமிலமும் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் இரத்தத்தில் கொட்டுகின்றன. கீமோ தொடங்கும் முன்பே இது நேரலாம். சிறுநீரகம் செயலிழக்கலாம், இதயம் நிற்கலாம். இதைத் தடுக்கும் முதற்படி, நரம்பு வழியாகத் தாராளமாகத் திரவம் ஏற்றுவதும் அல்லோபியூரினால் கொடுப்பதும். இரண்டுமே மாவட்ட மருத்துவமனையில் கைக்கெட்டும் சிகிச்சைகள். நோயாளி திருச்சிக்கோ சென்னைக்கோ கிளம்பும்போது ட்ரிப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்பால் உள்ளது சிறப்பு மையத்தின் வேலை. குறுகிய காலத்தில் பல மருந்துகளைத் தீவிரமாகக் கொடுத்து, மூளையைக் காக்க முதுகுத்தண்டு வழியாகவும் மருந்து செலுத்துகிறார்கள். புற்றுநோய் மருத்துவர் இயன் மக்ராத்தின் குழு 1996இல் வெளியிட்ட சிகிச்சைமுறையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஈராண்டுகள் நோயின்றி இருந்தனர். இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்காக அடையாறும் மும்பையும் டெல்லியும் ஒரே சிகிச்சைமுறையைப் பின்பற்ற உடனிருந்து உழைத்தவரும் மக்ராத்தே. முற்றிய நிலைக் குழந்தைகளுக்கு ரிட்டுக்சிமாப் என்ற மருந்தையும் சேர்த்தபோது, மூன்றாண்டு நோயற்ற வாழ்வு 82.3இலிருந்து 93.9 விழுக்காடாக உயர்ந்ததை 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆனால் இத்தகைய எண்கள், சிறுநீரகம் பழுதின்றி, ஊட்டம் குன்றாமல் வந்து சேர்ந்தவர்களுக்கே எட்டக்கூடியவை. தீவிர மருந்தைத் தாங்காத உடலில் கிருமித்தொற்றே உயிரைப் பறித்துவிடும்.

அரிதான ஒரு நோய்க்காக மாவட்ட நடைமுறையை மாற்ற வேண்டுமா என்று கேட்கலாம். மேற்சொன்ன எதுவும் பர்க்கிட்டுக்கு மட்டுமானதன்று. சீக்கிரம் எடுக்கும் பயாப்சி மற்ற லிம்போமாக்களையும் காட்டித்தரும். காசநோய் இருந்தால் அதையும் உறுதிசெய்து, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியையும் கண்டுபிடிக்கும். திரவமும் இரத்தச் சோதனையும் கடும் இரத்தப் புற்றுநோயாளிகளுக்கும் உதவும். வேகமாக வளரும் கட்டிக்கு மூன்று நாட்களுக்குள் திசு எடுப்பது, காசநோய் மருந்தைத் திசு எடுத்த பின்னரே தொடங்குவது, யூரிக் அமிலத்தைக் கட்டுக்குள் வைத்தே அனுப்புவது ஆகிய மூன்று விதிகளை மாவட்ட நடைமுறையாக எழுதி வைக்கலாம். இதற்குப் புதிய கட்டடமோ விலையுயர்ந்த மருந்தோ தேவையில்லை. அறுவை, நோய்க்கூறியல், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகிய துறைகள் ஒரே நாளில் கலந்து பேசும் ஏற்பாடு இருந்தால் போதும்.